சண்டை டிவியில், அரைப்பேர் மலையில்



டிவி விவாதத்தில் அரசியல்வாதிகள் விரலை நீட்டிக் கத்துகிறார்கள். லயத்தில் நாம் கைதட்டுகிறோம். விளம்பரம் வந்ததும் சண்டை நின்றுவிடுகிறது. ஆள் சேர்க்க ஆடும் கூத்துதான் இது.

2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியது. "வாங்கித் தந்தது நானா, நீயா?" என்று வாதம் ஓடியது. அப்போதே கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பல தோட்டங்களில் கொழுந்து நிறையைக் கூட்டினார்கள். எடுக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர். இதற்காக எத்தனை பேர் மேசையைத் தட்டினார்கள்?

வாக்குக் கேட்டு வருபவரைத் தோட்டக் கமிட்டி முன் உட்கார வையுங்கள். ஒரு பேருக்கு எத்தனை கிலோ? அதைத் தீர்மானிப்பது யார்? பதிலை எழுத்தில், கையொப்பத்தோடு வாங்குங்கள். அடுத்த தேர்தல்வரை அது கமிட்டிப் புத்தகத்தில் இருக்கட்டும்.