இருநூறு ரூபாய் சென்சார் விண்வெளிக்குப் போகுமா?



மங்கலம்பேட்டைக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், என் மகள் இருநூறு ரூபாய்க்கு ஒரு சென்சார் வாங்கி வைத்துக்கொண்டு, இதை ராக்கெட்டில் அனுப்பலாமா என்கிறாள். விளையாட்டுச் சாமான்தானே சார்?"

இல்லை தம்பி. 2021-இல் செவ்வாயில் பறந்த நாசாவின் இஞ்சினியூட்டி ஹெலிகாப்டரில் உயரத்தை அளந்த லேசர் கருவி, பொழுதுபோக்குக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்கிறவர்கள் வாங்கும் கடைச் சரக்குதான். அதன் முக்கியக் கணினி ஒரு செல்போன் சிப். ஐந்து முறை பறக்கத் திட்டமிட்டார்கள்; 72 முறை பறந்தது.

நம் தமிழ்நாட்டிலும் நடந்தது. பள்ளப்பட்டி ரிஃபாத் ஷாரூக்கும் நண்பர்களும் செய்த 64 கிராம் கலாம்சாட், 2017 ஜூனில் நாசா ராக்கெட்டில் போனது. அது பூமியைச் சுற்றவில்லை. மேலே போய்த் திரும்பியது. இந்த உண்மையைச் சொல்வதால் அந்தப் பிள்ளைகளின் பெருமை குறையாது.

ஆனால் எல்லா சென்சாரும் எல்லா இடத்துக்கும் ஆகாது. டிஎச்டி11 என்ற ஈரப்பத சென்சார் 0 முதல் 50 டிகிரி வரைதான் அளக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரைமேல் வைத்தாலே திணறும். காற்றழுத்த சென்சாருக்குக் காற்றில்லாத இடத்தில் அளக்க ஒன்றுமில்லை. காந்தப்புலம், முடுக்கம், வெப்பநிலை என்றால் வேலை உண்டு. அங்கேயும் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வெயிலும் இருளும் மாறி மாறி வரும். கதிர்வீச்சுத் துகள் ஒன்று பட்டால் நினைவகத்தில் 0 என்பது 1 ஆகிவிடும். எனவே கருவி தானாக மறுபடி தொடங்க வழி செய்திருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் முதல் எஸ்எஸ்எல்வி, 750 மாணவிகள் பங்களித்த ஆசாதிசாட்டைச் சுமந்து கிளம்பியது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில், முடுக்கத்தை அளக்கும் சென்சார்களே பழுது என்று ராக்கெட்டின் கணினி தவறாக முடிவுகட்டியது. செயற்கைக்கோள்கள் நிலைக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2-ஐச் சுற்றுப்பாதையில் சேர்த்தார்கள்.

விலை குறைவு என்பது குறையல்ல. சோதிக்காமல் நம்புவதுதான் குறை. பிள்ளைகளுக்குச் சான்றிதழும் போட்டோவும் மட்டும் வாங்கித் தரும் பயிற்சிகளைக் கண்டால் எனக்கு வருத்தம். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான்: சென்சாரைக் காற்றுப் புகாத பையில் போட்டு அரை மணி ஃப்ரீசரில் வை. பிறகு மொட்டைமாடி வெயிலில் வை. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கட்டும். இரண்டு அளவையும் நோட்டில் எழுது. எங்கே பொய் சொல்ல ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடி.

ராக்கெட் பிறகு வரட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் செய்து பார்த்தால், அந்த நோட்டுப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். தப்பாக வந்த அளவையும் அடிக்காமல் அனுப்புங்கள்.