பல்கலைக்கழகங்களில் உளவளத்துணை: பட்டம் இருக்கிறது, பயிற்சிக்களம் எங்கே?

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது என் அறைத்தோழனின் அப்பா திடீரென்று இறந்துபோனார். செத்தவீடு முடிந்து திரும்பி வந்தவன் விரிவுரைகளுக்கு வருவதைக் குறைத்தான். பிறகு சாப்பாட்டைக் குறைத்தான். இரவில் நித்திரையில்லாமல் விடுதிப் படிக்கட்டில் இருப்பான். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அவனை மாணவ ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

ஆலோசகர் வேறு யாருமல்ல, எங்களுக்குப் படிப்பித்த விரிவுரையாளர்தான். நல்ல மனிதர். அரை மணித்தியாலம் அவனோடு கதைத்தார். அடுத்த கிழமை விரிவுரை தொடங்குவதற்கு முன்னர், உண்மையான அக்கறையோடு, “தம்பி, இப்ப பரவாயில்லையோ?” என்று மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். முழு வகுப்பும் அவனைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவன் அந்த அறைப் பக்கமே போகவில்லை. அந்த வருடப் பரீட்சையும் எழுதவில்லை.

அந்த விரிவுரையாளரை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். அவருக்கு ஒரு நியமனக் கடிதம் கொடுத்திருந்தார்கள். பயிற்சி கொடுக்கவில்லை.

ஒரு கதிரை, இரண்டு வேலை

எங்களுடைய அரச பல்கலைக்கழகங்களில் “மாணவ ஆலோசகர்” என்பது பெரும்பாலும் கற்பித்தலோடு சேர்த்து விரிவுரையாளர் ஒருவருக்கு வழங்கப்படும் மேலதிகப் பொறுப்பு. பீடத்துக்குப் பீடம் சிலர் நியமிக்கப்படுவார்கள், அவர்களுக்கு மேலே சிரேஷ்ட மாணவ ஆலோசகர் இருப்பார். பகிடிவதை நடக்காமல் பார்த்துக்கொள்வது, மாணவர் மோதல்களைத் தீர்ப்பது, விடுதிப் பிரச்சினைகளைக் கவனிப்பது எல்லாம் இவர்களின் தலையில்தான் விழுகின்றன. ஒழுக்காற்று நடவடிக்கைகளிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு. அதாவது, அழுதுகொண்டு வருபவரின் கதையைக் கேட்க வேண்டியவரும், தவறு செய்தவரை விசாரிக்க வேண்டியவரும் ஒரே ஆள். இரண்டு நாட்களுக்குப் பிறகு அந்த மாணவரின் விடைத்தாளுக்குப் புள்ளி போடுபவரும் அவராக இருக்கலாம்.

2025 ஏப்ரலில் சபரகமுவ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டபோது நாடு முழுவதும் பகிடிவதை பற்றிக் கதைத்தது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் மீண்டும் நினைவுக்கு வந்தது. கைதுகள் நடந்தன. தண்டனை பற்றிய விவாதம் தேவையானதுதான். ஆனால், துன்பப்படும் மாணவர் அதற்கு முதல் நாள் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும் என்ற கேள்விக்கு அந்த விவாதத்தில் இடம் குறைவாகவே கிடைத்தது.

“ஒவ்வொரு வளாகத்திலும் ஓர் உளவியலாளரை நியமித்தால் சரிதானே” என்று இலகுவாகச் சொல்லிவிடலாம். அப்படி நியமிப்பதற்குத் தமிழில் வேலை செய்யக்கூடிய, முறையாகப் பயிற்றப்பட்ட ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

“ஒரே யோசனையாக் கிடக்கு”

உளவியலில் முதுமாணிப் படிப்பை முடிக்கும் கட்டத்தில் இருக்கும் ஒருவரை அண்மையில் யாழ்ப்பாணத்தில் சந்தித்தேன். பெயர் வேண்டாம் என்றார். அவருடைய கையில் ஓர் அட்டவணை இருந்தது. எத்தனை மணித்தியாலம் துணைநாடிகளை நேரில் சந்தித்தார், எத்தனை மணித்தியாலம் மேற்பார்வை பெற்றார் என்று அதில் நிரப்பி ஒப்பமிட்டுக் கொடுத்தால்தான் பட்டம். பயிற்சி இடத்தை அவரே தேடிக்கொள்ள வேண்டும் என்று படிப்பித்த நிறுவனம் சொல்லிவிட்டதாம். மூன்று இடங்களில் கேட்டு, நான்காவது இடத்தில் கிழமைக்கு ஒரு நாள் கிடைத்திருக்கிறது.

மேற்பார்வையாளர் கொழும்பில் இருக்கிறார். அனுபவமுள்ளவர், ஆனால் தமிழ் தெரியாது. சந்திப்பு சூமில், ஆங்கிலத்தில் நடக்கும். ஒரு நாள் ஓர் இளம்பெண் இவரிடம் வந்து, “அக்கா, ஒரே யோசனையாக் கிடக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டபடி இருந்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாருக்கும் அந்த வசனத்தின் பாரம் விளங்கும். அது கவலை, பயம், நித்திரையின்மை, போனவர்களின் நினைவு எல்லாம் சேர்ந்த ஒன்று. இவர் அதை ஆங்கிலத்தில் “நிறையச் சிந்திக்கிறார்” என்ற பொருள்பட எழுதி அனுப்பியிருக்கிறார். பரீட்சை ஏதும் வருகிறதா என்று மேற்பார்வையாளர் கேட்டாராம்.

அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் அடுத்ததாக என்ன கேட்டிருக்க வேண்டும் என்பது தனக்கு இன்னும் தெரியாது என்றார். பாடப்புத்தகத்தில் அது இல்லை. அருகில் இருந்து பார்த்த ஒருவர்தான் சொல்லிக்கொடுக்க முடியும்.

களப்பயிற்சி என்றால் என்ன?

வைத்தியப் பட்டம் பெற்ற ஒருவரை உள்ளகப் பயிற்சி இல்லாமல் தனியாக நோயாளர் பார்க்க நாங்கள் விடுவதில்லை. உளவளத்துணையும் அப்படித்தான். கேட்பது, பொறுத்திருப்பது, உயிராபத்து இருக்கிறதா என்று நேரடியாக விசாரிப்பது, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பது எல்லாம் கைப்பழக்கத்தால் வருபவை.

இந்தப் பயிற்சி ஒழுங்காக வளர்ந்த நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. 1949இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் நடந்த மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் பயிற்றப்பட வேண்டும் என்ற முறையை வகுத்தது. அங்கே பட்டப்பின் உளவியல் மாணவர்கள் களப்பயிற்சி பெறும் முக்கிய இடங்களில் ஒன்று பல்கலைக்கழக உளவளத்துணை நிலையம். அங்கு வரும் மாணவரிடம், உங்களைச் சந்திப்பவர் பயிற்சியில் இருப்பவர், அவருக்கு மேற்பார்வையாளராக இன்னார் இருக்கிறார் என்று முதலிலேயே சொல்லப்படும். எழுத்துமூலச் சம்மதம் கிடைத்தால் சந்திப்பு ஒளிப்பதிவு செய்யப்படும். மேற்பார்வையாளர் அதைப் பார்த்து, இந்த இடத்தில் ஏன் அவசரப்பட்டீர்கள், இந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினீர்கள் என்று கிழமைதோறும் கேட்பார். பொறுப்பு முழுவதும் உரிமம் பெற்ற மேற்பார்வையாளருடையது. முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் இதற்குப் பிறகு ஒரு வருட முழுநேர உள்ளகப் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

மேற்பார்வை எவ்வளவு பாரதூரமான விடயம் என்பதற்கு அங்கேயே ஓர் உதாரணம் உண்டு. 1969இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், மாணவர் சுகாதார சேவையில் சிகிச்சை பெற்ற பட்டப்பின் மாணவர் ஒருவர் ஓர் இளம்பெண்ணைக் கொல்லும் எண்ணம் தனக்கு இருப்பதாக உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகப் பொலிஸாருக்கு அறிவித்தார். அவர்கள் மாணவரை விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கொல்லப்பட்டார். தரசோஃப் வழக்கு என்று அறியப்படும் இந்த வழக்கில், ஆபத்துக்குள்ளானவரைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று கலிபோர்னிய உயர் நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. எதை இரகசியமாக வைப்பது, எப்போது அதை உடைப்பது என்ற முடிவு தேர்ந்தவர்களுக்கே கடினமானது. இருபத்தைந்து வயதுப் பயிற்சி மாணவர் ஒருவரை அந்த முடிவோடு தனியே விடக்கூடாது.

எங்களிடம் இருப்பது என்ன?

கொழும்புப் பல்கலைக்கழகம் மருத்துவ உளவியலில் முதுதத்துவமாணிப் படிப்பை நடத்துகிறது. மருத்துவ உளவியலாளர்கள் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற வேண்டும். ஆனால் “உளவளத்துணையாளர்” என்று பெயர்ப்பலகை வைக்க எந்த உரிமமும் தேவையில்லை. மனநோய் பற்றிய எமது அடிப்படைச் சட்டமே 1873ஆம் ஆண்டில் வேர்கொண்டது.

வடக்கு, கிழக்குக்கு இந்தத் துறையில் அனுபவம் இல்லை என்று சொல்ல முடியாது. போர் நடந்துகொண்டிருந்தபோதே யாழ்ப்பாணத்தில் சாந்திகம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தது. போரின் உளத்தாக்கம் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியவை உலக அளவில் வாசிக்கப்படுகின்றன. தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவு நெருக்கடியான காலங்களிலும் இயங்கியது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ஆக, தமிழில் துன்பத்தைக் கேட்கத் தெரிந்த மூத்தவர்கள் எங்களிடையே உண்டு. அவர்கள் ஓய்வு பெறுவதற்கு முன்னர் அந்தக் கைப்பழக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதற்கான நிலையான ஏற்பாடுதான் இல்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நடந்ததையும் மறக்கக்கூடாது. சில நாள் பயிற்சியோடு பலர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். திட்டம் முடிந்ததும் போய்விட்டார்கள். கதையைச் சொன்ன சனம் மட்டும் அங்கேயே இருந்தது.

இரண்டையும் இணைக்கலாம், ஆனால்…

ஒரு பக்கத்தில் வளாகங்களில் கேட்க ஆளில்லை. இன்னொரு பக்கத்தில் பட்டப்பின் மாணவர்கள் பயிற்சி இடம் தேடி அலைகிறார்கள். யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, வவுனியா ஆகிய பல்கலைக்கழகங்கள் தத்தம் உளவளத்துணை நிலையங்களையே மேற்பார்வையுடன் கூடிய பயிற்சிக்களமாக மாற்றினால் இரண்டு பிரச்சினைகளுக்கும் ஒரே இடத்தில் தீர்வு தொடங்கும்.

ஆனால் இந்த யோசனையில் ஓர் ஆபத்தும் உண்டு. நிதியில்லாத நிருவாகங்களுக்குப் பயிற்சி மாணவர்கள் சம்பளமில்லாத ஊழியர்களாகத் தெரிவார்கள். அமெரிக்காவிலேயே களப்பயிற்சி பெரும்பாலும் ஊதியமில்லாதது, அது வசதியில்லாத மாணவர்களை வெளியே தள்ளுகிறது என்ற விமர்சனம் இருக்கிறது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் தமிழில் மேற்பார்வை செய்யக்கூடிய முழுநேர உளவியலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவருக்குக் கீழே மூன்று, நான்கு பயிற்சி மாணவர்கள் போதும். மேற்பார்வையாளர் இல்லாமல் பயிற்சி மாணவர்களை மட்டும் இருத்துவதென்றால் நிலையத்தைத் திறக்காமலே விடலாம்.

இரண்டாவது, அந்த நிலையம் ஒழுக்காற்று விசாரணையிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட வேண்டும். அங்கே எழுதப்படும் குறிப்பு பீடாதிபதியின் மேசைக்குப் போகக்கூடாது. உயிராபத்து இருந்தால் யாருக்கு, எவ்வளவு சொல்லப்படும் என்பது முதல் சந்திப்பிலேயே மாணவருக்கு எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, எங்களுடைய வளாகங்கள் சின்னவை. காலையில் கதை கேட்டவரும் சொன்னவரும் மத்தியானம் ஒரே கன்ரீனில் நிற்பார்கள். பயிற்சி மாணவர் தன் பீடத்தவரையும் தன் ஊரவரையும் சந்திக்கக்கூடாது என்ற விதி வேண்டும். வெளியில் கண்டால் தாங்களாகப் போய்ச் சுகம் விசாரிக்கக்கூடாது என்பதையும் படிப்பிக்க வேண்டும். என் அறைத்தோழனுக்கு அந்த ஒரு விதி போதுமாக இருந்திருக்கும்.

நான்காவது, பயிற்சிக் காலம் முடிந்து மாணவர் போகும்போது துணைநாடியை இன்னொருவரிடம் முறையாக ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே ஆட்களை இழந்தவர்களுக்கு, சொல்லாமல் போவது இன்னோர் இழப்பு.

ஐந்தாவது, மொழி. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இன்று சிங்கள மாணவர்கள் கணிசமாகப் படிக்கிறார்கள். தெற்கிலுள்ள வளாகங்களில் தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். தாய்மொழியில் அழும் வசதி இரு பக்கமும் வேண்டும். பல்கலைக்கழகங்கள் பயிற்சி மாணவர்களைப் பரிமாறிக்கொண்டால் அது முடியாத காரியமல்ல.

இவற்றுக்குப் பெரிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மேற்பார்வை உளவியலாளருக்கான பதவியை உருவாக்கி, களப்பயிற்சிக்குக் குறைந்தபட்ச நியமம் ஒன்றை வெளியிடலாம். சத்தம் வெளியே கேட்காத இரண்டு அறைகளை ஒதுக்குவது பல்கலைக்கழகங்களால் முடியும்.

யாழ்ப்பாணத்தில் சந்தித்த அந்த மாணவிக்கு இன்னும் நாற்பது மணித்தியாலங்கள் மிச்சம் இருக்கின்றன. அவற்றை முடித்த பிறகு ஊரிலேயே வேலை செய்ய ஆசை என்றார். “யோசனையாக் கிடக்கு” என்று சொன்ன பெண் திரும்ப வந்தாரா என்று கேட்டேன். அடுத்த கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

(மன உளைச்சலில் இருப்பவர்கள், அல்லது அவர்களுக்காக உதவி தேடுபவர்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு 24 மணித்தியாலமும் அழைக்கலாம்.)