சுட்ட பிறகும் ஸ்கேன் அவசியம்



ஊசி வழியே வெப்பம் செலுத்தி ஈரல் புற்றுக்கட்டியைச் சுட்டழிக்கும் சிகிச்சை, 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளுக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் முழுதும் அழிந்ததா என்பது, சுமார் ஒரு மாதம் கழித்து கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் தெரியும். வெந்த பகுதி கறுப்பாக, கட்டியைத் தாண்டிச் சுற்றிலும் குறைந்தது 5 மி.மீ. பரவியிருக்க வேண்டும். ஓரத்தில் முடிச்சுபோல் வெளுப்பு தெரிந்தால் புற்று மிச்சமிருக்கலாம். பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய கட்டியில் இந்த ஆபத்து அதிகம். ஏனெனில், ஓடும் ரத்தம் சூட்டை இழுத்துக்கொள்ளும். மிச்சமிருப்பதை அந்த ஸ்கேனிலேயே கண்டுபிடித்தால் பலருக்கும் மறுபடி சுட முடியும்.

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் ஒருநாள் கூலியை விட்டுச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு, மதுரை மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே ஸ்கேன் தேதியைத் தமிழில் எழுதித் தர வேண்டும். ஸ்கேனுக்கான செலவைக் காப்பீட்டுத் திட்டம் ஏற்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும்.

- வாசகர், திருமங்கலம்