பேசப்படாத ஒரு வலி

(இரண்டாமாண்டு மாணவி, இயந்திரவியல் துறை)



இந்த ஆண்டு மலரில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதுவார்கள். வேலைவாய்ப்பைப் பற்றி எழுதுவார்கள். நட்பைப் பற்றிக் கவிதை எழுதுவார்கள். நான் எழுத வந்திருப்பது சைக்கிள் சீட்டைப் பற்றி. அதுவும் பெண்கள் உட்காரும் சைக்கிள் சீட்டைப் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

நம் காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டைக் கவனித்திருக்கிறீர்களா? பிளஸ் டூ வரைக்கும் சைக்கிளில் பறந்த எத்தனையோ பெண்கள் இங்கே வந்தபிறகு சைக்கிளை வீட்டுச் சுவரில் சாத்திவிட்டார்கள். ஏண்டி என்று கேட்டால் "வெயில்டி" என்பாள். "டைம் இல்லடி" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டால்தான், குரலைத் தாழ்த்தி, "உக்கார முடியலடி, வலிக்குது" என்பாள். எங்கே வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்லவும் கூச்சம். சைக்கிள் கடை அண்ணனிடம் சொல்வது நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பார்கள். இந்த வலி வந்தவர்கள் பேசுவதில்லை. பேசுகிறவர்களுக்கு இந்த வலி வருவதில்லை. அப்புறம் எப்படித் தீரும்? மீறி வாயைத் திறந்தாலும், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்ற பழமொழிதான் பதிலாக வரும். நான் கேட்கிறேன்: கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்? ஸ்கேல் வைத்து அளந்து பார்க்க வேண்டியது நம் வேலை அல்லவா? நாம் டிப்ளமோ மாணவர்கள் அல்லவா?

*புதுக்கோட்டை தந்த தைரியம்*

பெண்ணும் சைக்கிளும் என்றால் தமிழ்நாட்டில் முதலில் சொல்ல வேண்டிய ஊர் புதுக்கோட்டை. 1991-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரமாயிரம் பெண்கள் ஊராரின் கேலியைத் தாண்டி பெடலை மிதித்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டையை வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பலர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு!

அவர்கள் கிடைத்த சைக்கிளில், கிடைத்த சீட்டில் ஓட்டினார்கள். நமக்கு உரிமையை வாங்கித் தந்தார்கள். அதன் பிறகு 2001-02-இல் நம் மாநிலத்தில் மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் வந்தது. பிறகு மாணவர்களுக்கும் விரிந்தது. 2006-இல் பீகாரில் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். அதனால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் 30 சதவீதம் கூடியதாகப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஒரு சைக்கிள் ஒரு பெண்ணின் படிப்பையே தாங்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அப்படியானால் அந்தப் பெண்ணைத் தாங்குகிற சீட்டைப் பற்றி யோசிக்க வேண்டாமா?

*உடைக்குத் தக்க சைக்கிள் வந்தது, உடம்புக்கு?*

இரண்டு சக்கரமும் சம அளவில், செயின் வைத்த இன்றைய சைக்கிள் 1885 வாக்கில் இங்கிலாந்தில் வந்தது. சில வருடங்களிலேயே நடுக்கம்பியை வளைத்து லேடீஸ் சைக்கிள் செய்துவிட்டார்கள். காரணம் என்ன? அந்த ஊர்ப் பெண்களின் நீளப் பாவாடை! உடைக்காக பிரேமையே மாற்றியவர்கள், உடம்புக்காக சீட்டை மாற்ற மெதுவாகத்தான் வந்தார்கள். 1890-களில் நடுவில் பள்ளம் விட்ட சீட்டுகள் சில விற்பனைக்கு வந்தன. அதற்குப் பிறகும் வெகுகாலம் 'லேடீஸ் சீட்' என்றால் கொஞ்சம் அகலம், கொஞ்சம் ஸ்பிரிங், அவ்வளவுதான்.

இங்கே ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜினா டெர்ரி. நம்மைப் போல இயந்திரவியல் படித்தவர். தன் வீட்டில் தானே சைக்கிள் பிரேம்களைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு, 1985-இல் பெண்களுக்கென்றே சைக்கிள் கம்பெனி தொடங்கினார். 1990-களில் அவர் கம்பெனி நடுவில் துளை விட்ட பெண்கள் சீட்டை விற்றது. வலியை விதி என்று எண்ணாமல் ஒரு டிசைன் கணக்காக எடுத்துக்கொண்டார் பாருங்கள், அதுதான் இன்ஜினீயரிங்!

*வொர்க்‌ஷாப் கண்ணால் பார்ப்போம்*

கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு அப்ளைடு மெக்கானிக்ஸுக்கு வருவோம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. சீட்டின் மேல் 30 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 60 சதுர சென்டிமீட்டரில் பரவினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ. 30 சதுர சென்டிமீட்டரில் பரவினால் ஒரு கிலோ. எடை அதேதான், வலி மட்டும் இரட்டிப்பு.

அந்த எடையைத் தாங்க உடம்பில் இடம் இருக்கிறது. இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் உண்டு. பெஞ்சில் உட்காரும்போது உறுத்துமே, அவைதான். சீட்டின் அகலம் இந்த இரண்டு முனைகளையும் ஏந்த வேண்டும். சீட் குறுகலாக இருந்தால் முனைகள் இரண்டும் வெளியே தொங்கிவிடும். எடை முழுக்க நடுவில் உள்ள மென்மையான இடத்தில் இறங்கும். நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கும். அதுதான் எரிச்சல், மரத்துப்போதல், புண். பெண்களுக்கு இடுப்பெலும்பு பொதுவாகக் கொஞ்சம் அகலம் என்பதால் இந்தத் தொல்லை நமக்கு அதிகம். ஆனால் பெண் என்றால் அகலம், ஆண் என்றால் குறுகல் என்று பொத்தாம்பொதுவாக முடிவு கட்டவும் கூடாது. ஆளுக்கு ஆள் அளவு வேறு. ரோஸ் கலர் ரெக்ஸின் தைத்து, பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அது பெண்கள் சீட் ஆகிவிடாது.

அளப்பது சுலபம். அட்டைப்பெட்டியின் நெளிநெளி அட்டை ஒரு துண்டு எடுங்கள். கெட்டியான ஸ்டூலில் போட்டு, அதன்மேல் நிமிர்ந்து ஒரு நிமிஷம் உட்காருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழி தெரியும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு ஸ்கேல் வையுங்கள். பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் இருக்கும். சீட்டின் பின்பக்கம் அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். நம்மைப்போல நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. குனிந்து ஓட்டினால் எடையில் ஒரு பங்கு கைக்குப் போகும். நிமிர்ந்து ஓட்டினால் பெரும்பங்கு சீட்டுக்குத்தான்.

"மெத்தை மாதிரி ஒரு கவர் வாங்கிப் போட்டா சரியாப் போச்சு" என்பார்கள். அஞ்சு நிமிஷத்துக்குச் சுகம்தான். மிருதுவான ஸ்பாஞ்சில் எலும்பு முனைகள் அமுங்கி இறங்க, நடுப்பகுதி மேலே புடைத்துக்கொண்டு வந்து வேண்டாத இடத்தில் அழுத்தும். தூரம் போகிறவளுக்குக் கொஞ்சம் கெட்டியான, சரியான அகலமுள்ள சீட்தான் நல்லது.

*காசு செலவில்லாத மூன்று திருத்தங்கள்*

புது சீட் வாங்குவதற்கு முன் இருக்கிற சீட்டைச் சரியாக வைத்திருக்கிறோமா? கையில் ஒரு ஸ்பேனர் போதும்.

முதலாவது, உயரம். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பெண்கள் சீட்டைத் தாழ்த்தி, இரண்டு காலும் தரையில் பதியும்படி வைத்துக்கொள்கிறோம். அப்போது கால் பெடலை ஊன்றித் தள்ள முடியாது. முழு எடையும் சீட்டில் உட்கார்ந்துவிடும். முழங்காலும் வலிக்கும். பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக வேண்டும். அதுதான் உயரம். ஒரேயடியாக ஏற்ற வேண்டாம், வாரத்துக்கு ஒரு விரல்கடை ஏற்றிப் பழகலாம். அதற்கு மேல் ஏற்றினாலும் தப்பு. இடுப்பு இடதும் வலதுமாக ஆடி, தோல் உராயும். சீட் பில்லரில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியவும் கூடாது.

இரண்டாவது, மட்டம். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் முன்பக்கம் குத்தும். கீழே சாய்ந்திருந்தால் வழுக்கி வழுக்கி மணிக்கட்டு நோகும். எங்கப்பா கொத்தனார். ஒரு வரிசை செங்கல் ஏறினாலும் ரசமட்டம் வைக்காமல் விடமாட்டார். எங்கள் வீட்டில் ரசமட்டம் தலைமுறையாக உண்டு, படிப்புதான் என்னோடு வந்தது. அந்த ரசமட்டத்தை சீட்டின் மேல் ஒரு பலகை போட்டு வைத்துப் பார்த்தேன். மூக்கு மேலே நின்றது. நட்டைத் தளர்த்தி நேராக்கினேன். சுவருக்குக் காட்டும் மரியாதையில் பாதியையாவது நம் உடம்புக்குக் காட்டலாமே!

மூன்றாவது, சுமை. புத்தகப்பை, டிபன் பாக்ஸ், டிராயிங் போர்டு எல்லாம் முதுகில் தொங்கினால் அந்த எடையும் சீட் வழியாகத்தான் இறங்கும். கேரியரில் கட்டுங்கள், கூடையில் போடுங்கள். சுடிதாரின் நாலு தையலும் கூடுகிற முடிச்சு அடியில் அழுத்தாதபடி இழுத்துவிட்டு உட்காருங்கள். மாதத்தில் அந்த நாட்களில் இதெல்லாம் இரண்டு மடங்கு தெரியும் என்பதை மாணவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாணவர்கள் தெரிந்துகொண்டால் நல்லது. மரத்துப்போவதும் புண்ணும் அடிக்கடி வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் டாக்டரம்மாவிடம் காட்டுங்கள்.

கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. தேவனேரி, நெம்மேலி, சதுரங்கப்பட்டினம் பக்கமெல்லாம் உப்புக்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். சீட் பில்லர் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பில்லரை வெளியே எடுத்துத் துடைத்து கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

*"பஸ்தான் இலவசமாச்சே?"*

இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், நானும் அதில்தான் பல நாள் வருகிறேன். ஆனால் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். திருக்கழுக்குன்றம் ரோட்டிலிருந்து உள்ளே இருக்கிற ஊருக்கு மிச்ச தூரத்தை யார் நடப்பது? பிராக்டிகல் முடிந்து இருட்டின பிறகு யாரை எதிர்பார்த்து நிற்பது? "அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவான்" என்று நிற்கிற பெண்ணின் நேரம் அண்ணன் கையில் இருக்கிறது. சொந்த சைக்கிள் இருக்கிறவளின் நேரம் அவள் கையில் இருக்கிறது. ஒரு சீட் வலியால் அவள் இழப்பது சைக்கிளை மட்டுமல்ல தோழர்களே, அந்த நேரத்தையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாருங்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கி ஹெல்மெட்டும் மெத்தை வைத்த கால்சட்டையுமாக சைக்கிள் குழுக்கள் வருகின்றன. சீட்டை அளவு பார்த்து வாங்குகிறவர்கள் அவர்கள். நல்லது, வரட்டும். வாரம் ஒருநாள் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவருக்கு அளவு உண்டு, தினமும் படிப்புக்கும் வேலைக்கும் மிதிக்கிறவளுக்கு அளவு இல்லை என்றால் அது என்ன நியாயம்?

*நாம் செய்யக்கூடியவை*

1. மாணவர் பேரவை மாதம் ஒரு மத்தியானம் வொர்க்‌ஷாப் வாசலில் 'சீட் சரிசெய்யும் முகாம்' நடத்த வேண்டும். அட்டை, ஸ்கேல், ரசமட்டம், ஸ்பேனர், கிரீஸ் டப்பா போதும். மாணவிகளுக்கு மாணவிகளே அளந்து தர வேண்டும், தனி அறையில்.

2. செங்கல்பட்டு சைக்கிள் கடைக்காரர்களிடம் பேரவை சார்பில் கேட்போம்: இரண்டு மூன்று அகலத்தில் சீட் வைத்திருங்கள், மாட்டி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க விடுங்கள், சரிவராவிட்டால் மாற்றித் தாருங்கள். செருப்புக்குக்கூட அளவு பார்த்துத்தானே தருகிறார்கள்!

3. லட்சக்கணக்கில் செய்யும் விலையில்லா சைக்கிளை ஒவ்வொரு பெண்ணின் அளவுக்கும் செய்ய முடியாது. ஆனால் பள்ளியில் வழங்கும் நாளன்று உயரமும் மட்டமும் சரிசெய்து கொடுக்கலாம். அந்த வேலைக்கு ஸ்பேனரோடு நாமே போய் நிற்போம்.

4. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்களே, இதோ தலைப்பு: அகலம் மாற்றிக்கொள்ளக்கூடிய, உள்ளூர்ப் பட்டறையில் குறைந்த செலவில் செய்யக்கூடிய ஒரு சைக்கிள் சீட். அழுத்தம், பொருள், வெல்டிங், விலைக் கணக்கு எல்லாம் அதில் இருக்கிறது. சோதித்துப் பார்க்க நாங்கள் இருக்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சைக்கிளில் நின்றுகொண்டே மிதித்துப் போகிற பெண்ணைப் பார்த்து விசிலடிக்காதீர்கள். அவள் ஸ்டைல் காட்டவில்லை. உட்கார முடியவில்லை.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. வலிக்கிறது என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. அளவு தப்பிய சீட்டுக்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? புதுக்கோட்டைப் பெண்கள் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை இறக்கி வைத்துவிட்டு சைக்கிளில் ஏறினார்கள். நாம் கூச்சத்தை இறக்கி வைப்போம். சுவரில் சாத்திய சைக்கிளை எடுத்துத் துடைப்போம்.

அளப்போம்! திருத்துவோம்! மிதிப்போம்!