ஐந்தெழுத்துத் தீவுகள்

நெடுந்தீவுக்கு எத்தனை எழுத்து? நெ, டு, ந், தீ, வு. பாலர் வகுப்புப் பிள்ளையும் விரல் மடித்து ஐந்து என்று சொல்லிவிடும். பைதன் கணினி மொழியைக் கேட்டால் பத்து என்கிறது.

படகை விட்டால் வேறு வழியில்லாத எங்கள் யாழ்ப்பாணத்து நான்கு தீவுகளுக்கும் ஐந்தெழுத்துப் பெயர்தான்: நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு. இவற்றை ஓர் அரேயில் போட்டு, ஒவ்வொரு பெயரும் 12 இடம் பிடிக்கும்படி வலப்பக்கம் வெற்றிடம் நிரப்பி, பக்கத்தில் படகு நேரத்தை அச்சிடச் சொல்லிப் பாருங்கள். நெடுந்தீவுக்கு 2 வெற்றிடம், நயினாதீவுக்கும் எழுவைதீவுக்கும் 3, அனலைதீவுக்கு 4 விழும். நேரங்கள் கோணல்மாணலாக நிற்கும்.

யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். செய்நிரல் எண்ணுவது அந்தக் குறிகளை. சி மொழியின் பிரிண்ட்எஃப் பைட்டுகளையே எண்ணும். யுடிஎஃப்-8இல் நெடுந்தீவு 30 பைட். 12ஐத் தாண்டிவிட்டதால் ஒரு வெற்றிடமும் கிடைக்காது.

நிரப்புவதைவிட வெட்டுவது ஆபத்து. பெயருக்கு 11 இடம் என்று வரையறுத்தால் ஊர்காவற்றுறை ‘ஊர்காவற்றுற’ ஆகும். புங்குடுதீவு ‘புங்குடுதீவ’ ஆகும். அடையாள அட்டையிலும் ரசீதிலும் பெயர்கள் வால் அறுந்து வந்தால் காரணத்தை இங்கேயும் தேடலாம்.

புள்ளியைத் தனியாக எண்ணும் சிக்கலுக்குத் தட்டச்சுக் காலத்திலேயே வழி கண்டவர் யாழ்ப்பாணத்தவர்தான். 1886இல் பிறந்த ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுக்கு நகரா விசையைக் கையாண்டார். அதை அழுத்தினால் தாள் நகராது. புள்ளியும் மெய்யும் ஒரே இடத்தில் விழும். புள்ளிக்குத் தனி இடம் கிடையாது என்பதை அந்த இரும்பு அறிந்திருந்தது.

இன்று ஸ்விஃப்ட் மொழி நெடுந்தீவை ஐந்தென்றே எண்ணும். ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் அதே வேலையைச் செய்யும். எண்ணிக்கை சரிவந்தாலும் அகலம் சரிவராது. ‘லை’ பிடிக்கும் இடமும் ‘ர’ பிடிக்கும் இடமும் ஒன்றா? வெற்றிடம் தட்டி நிரல் ஒழுங்காக்குவது, எல்லா எழுத்தும் ஒரே அகலமான இயந்திரத்தில் பிறந்த பழக்கம். திரைக்கும் அச்சுக்கும் அட்டவணைக் கட்டம் இருக்கிறது. அகலத்தை அது பார்த்துக்கொள்ளும்.

வெறும் எழுத்துக் கோப்புத்தான் என்றால் நேரத்தை முன்னால் போடுங்கள், ஊர்ப் பெயரைக் கடைசியில் விடுங்கள். இலக்கங்கள் ஒழுங்காக நிற்கும். கடைசி நிரலுக்கு நிரப்பே வேண்டாம். ஊர்காவற்றுறை தன்பாட்டுக்கு நீளட்டும். குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்பவரும் முதலில் தேடுவது நேரத்தைத்தானே. கோடு நேராக வரவேண்டும் என்பதற்காக நெடுந்தீவை டெல்ஃப்ட் என்றும் ஊர்காவற்றுறையைக் கயிட்ஸ் என்றும் ஆங்கிலத்தில் மாற்றுவது மட்டும் வேண்டாம். இடம் மாற்றினால் தீரும் சிக்கலுக்குப் பெயரை ஏன் மாற்றவேண்டும்?