ஆறு பேருக்கு ஒரு அறை, பத்து வருஷத்துக்கு ஒரு பென்ஷன்

செமஸ்டர் லீவில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் போனேன். பெரியம்மா மகள் அங்கேதான் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி (கம்பெனி பேர் வேண்டாம், அக்காவுக்கு வேலை வேண்டும்). வல்லம் பக்கம் வந்ததும் ஆட்டோக்காரர் கையை நீட்டி, "அந்தப் பக்கம்தான் தம்பி, பொண்ணுங்களுக்கு கவர்மெண்ட் கட்டின ஹாஸ்டல். பத்து மாடி!" என்றார். சொந்த வீட்டைக் காட்டுகிற மாதிரி ஒரு பெருமை குரலில்.

அக்கா இருப்பது அங்கே இல்லை. மாத்தூர் பக்கம் ஒரு லைன் வீட்டில். ஷீட் போட்ட பத்து அறை, பத்துக்கும் சேர்த்து மூணு பாத்ரூம். வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு! நாலு பேர் இருந்தால் நாலு வாடகை, ஐந்தாவது ஆள் வந்தால் ஐந்து வாடகை. கரண்ட்டுக்கு வீட்டுக்காரர் வைத்ததுதான் யூனிட் ரேட். அட்வான்ஸ் பத்து மாசம். அக்ரிமெண்ட் பேப்பர் கேட்டால், "நம்பிக்கை இல்லன்னா வேற இடம் பாத்துக்கம்மா" என்று பதில் வரும். பேப்பர் இல்லாததால் அந்த விலாசத்துக்கு எதையும் மாற்ற முடியவில்லை. ரேஷன் கார்டு இன்னும் வந்தவாசி பக்கத்து கிராமத்தில்தான் இருக்கிறது. அரிசி அங்கே, வயிறு இங்கே.

நிற்க. அந்தப் பத்து மாடி விஷயத்துக்கு வருவோம்.

2021 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் தொழிலாளிகளுக்கு சாப்பாடு விஷமாகி 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சில பேர் செத்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பி, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி பூரா உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம்தான் ஒரே அறையில் தரையில் வரிசையாகப் படுத்துக்கொண்டு ஐபோன் செய்து தருகிறார்கள் என்கிற விஷயமே வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ஆலையை மூடி, 2022 ஜனவரி 12ல் மறுபடி திறந்தார்கள்.

அந்த ரோட்டுக்கான பதில்தான் வல்லம் வடகால் சிப்காட் குடியிருப்பு. 2024 ஆகஸ்ட் 17ல் முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். 706.50 கோடி ரூபாய், 20 ஏக்கர், 13 கட்டடம், கட்டடத்துக்கு 240 அறை, அறைக்கு ஆறு பேர். பெருக்கிப் பாருங்கள், சரியாக 18,720 படுக்கை வரும். மத்திய அரசு தன் மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தில் 37.44 கோடி கொடுத்தது. அது படுக்கைக்கு 20,000 ரூபாய் கணக்கு.

கட்டியதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தரையில் முப்பது பேர் படுப்பதற்கு கட்டிலில் ஆறு பேர் படுப்பது ஆயிரம் மடங்கு மேல். இன்னொரு மாநில அரசு இதைக்கூடச் செய்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். என் சண்டை வேறு. இதற்கு "வீட்டு வசதி" என்று பேர் வைத்து, மேட்டர் முடிந்தது என்று கை கழுவுகிறோமே, அதோடுதான்.

கால்குலேட்டரை எடுங்கள். 706.50 கோடியை 3,120 அறைகளால் வகுத்தால் அறைக்கு 22 லட்சத்து 64 ஆயிரம் சொச்சம். இதில் சமையல் கூடம், சாப்பாட்டு ஹால், கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் அடக்கம், சரி. அப்படியே இருந்தாலும் சின்னதாக ஒரு சமையலறை, ஒரு பாத்ரூம், தாழ்ப்பாள் போட ஒரு கதவு என்று ஒரு குடும்பம் இருக்கிற மாதிரி கட்ட இந்தப் பணம் பத்தாதா? ஆக, பணம் இல்லாததால் படுக்கை கட்டவில்லை. இங்கே வேலை செய்கிறவளுக்கு குடும்பம் கிடையாது, இருக்கவும் கூடாது என்று யாரோ முன்னாடியே முடிவு செய்திருக்கிறார்கள். திருமணமான பெண்களை ஐபோன் ஆலை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியதும், மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டதும் நினைவிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் திருமணமானவர்கள் என்று நிறுவனத் தரப்பில் சொன்னதாகவும் செய்தி வந்தது. யார் சொன்னது உண்மையோ, எனக்குத் தெரிந்து ஆறு கட்டில் போட்ட அறையில் தொட்டில் கட்ட இடமில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்தப் படுக்கை அவள் பேரில் இல்லை. சிப்காட் கட்டி, கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுகிறது. கம்பெனி தொழிலாளிக்குத் தருகிறது. வேலை போன அன்றைக்கு படுக்கையும் போச்சு. வாயைத் திறந்தால் வேலை மட்டும் போகாது, ராத்திரி தங்குகிற இடமும் போகும் என்றால் எத்தனை பேர் வாயைத் திறப்பார்கள்? 2024ல் சாம்சங் தொழிலாளிகள் சுங்குவார்சத்திரத்தில் பந்தல் போட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது. மாலையானால் திரும்பிப் போக கம்பெனிக்காரன் சாவி வைத்திராத ஒரு கூரை இல்லாமல் அது நடந்திருக்குமா, யோசித்துப் பாருங்கள்.

வாடகைச் சட்டம் காப்பாற்றாதா என்று சட்டக் கல்லூரி நண்பன் ஒருவன் கேட்டான். தமிழ்நாட்டில் 1960ம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தூக்கிவிட்டு, நில உரிமையாளர் - குத்தகைதாரர் உரிமைகளுக்கு 2017ல் புதுச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22லிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், பதிவு செய்ய வேண்டும், அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்வான்ஸ் பற்றிய அந்த வரியே "மாறாக ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்கிற மாதிரிதான் ஆரம்பிக்கிறது! பூட்டு வாங்கி மாட்டிவிட்டு சாவியையும் அதிலேயே தொங்கவிட்ட கதை. அரசு நிறுவனங்களின் கட்டடங்களுக்கும், கம்பெனி வேலையோடு சேர்த்து ஊழியருக்குத் தருகிற சொந்த இடத்துக்கும் இந்தச் சட்டமே பொருந்தாது. அதாவது லைன் வீட்டு அக்காவுக்குச் சட்டம் இருந்தும் இல்லை, பத்து மாடிப் பெண்ணுக்குச் சட்டமே இல்லை.

"எல்லாத்துக்கும் அரசாங்கம் மானியம் குடுத்துட்டே இருக்க முடியுமா?" என்று உடனே ஒரு குரல் வரும். மானியம் கொடுக்காமலா இருக்கிறோம்? பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கடன் வட்டி மானியம் என்று ஒன்று இருந்தது. வருஷம் 18 லட்சம் வரை சம்பாதிக்கிற குடும்பம் ஃபிளாட் வாங்கினால் 2.30 லட்சம் வரை மானியம். அந்த நடுத்தர வர்க்கப் பிரிவு 2017லிருந்து 2021 மார்ச் வரை ஓடியது. எங்கள் சொந்தத்திலேயே வாங்கியவர்கள் இருக்கிறார்கள், யாரும் அவர்களைச் சோம்பேறி என்று திட்டவில்லை. அதே அரசு ஒரு தொழிலாளியின் படுக்கைக்குக் கொடுத்தது 20,000. வாடகை கட்டுகிறவளுக்கு நேராகக் கையில் ஒரு ரூபாய்? ம்ஹூம்.

வேடிக்கை என்னவென்றால் இது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. 1952லேயே ஆலைத் தொழிலாளர்களுக்கு மானிய விலை வீட்டுத் திட்டம் என்று மத்திய அரசு ஒன்று கொண்டுவந்தது. பெரம்பூரில் ஐ.சி.எஃப். காலனி, நெய்வேலி டவுன்ஷிப், திருச்சி பெல் கைலாசபுரம் எல்லாம் ஆலையோடு கூடவே வளர்ந்தவை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வாசலில் முருங்கை மரம். (அங்கேயும் குவார்ட்டர்ஸ் நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் என்பது தெரியும். பொற்காலம் என்று புல்லரிக்கச் சொல்லவில்லை.) சிங்கப்பூரில் 1968ல் ஆரம்பித்த ஜூரோங் டவுன் கார்ப்பரேஷன் தொழிற்பேட்டையும் கட்டியது, தொழிலாளர் குடும்பங்களுக்கு அடுக்குமாடியும் கட்டியது. அதே சிங்கப்பூரில் நம்மூரிலிருந்து போகிற கட்டடத் தொழிலாளிக்கு வீடு கிடையாது, டார்மிட்டரிதான். 2020 கொரோனா அந்த டார்மிட்டரிகளில் எப்படிப் பரவியது என்று பார்த்தோம். சொந்தக் குடிமகனுக்கு வீடு, வந்தேறிக்குப் படுக்கை என்று அவர்கள் பிரித்தார்கள். நாம் செய்யாறு, வந்தவாசிப் பெண்ணையே வந்தேறிக் கணக்கில் வைத்திருக்கிறோம்.

இனி பென்ஷன். "இருபது வயசுப் பொண்ணுக்கு பென்ஷன் பத்தி என்னய்யா கவலை?" என்பீர்கள். அங்கேதான் சூட்சுமமே இருக்கிறது.

பி.எஃப். பிடிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு 1995ம் வருஷத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் உண்டு. முதலாளி பங்கிலிருந்து 8.33 சதவீதம் அதற்குப் போகிறது. ஆனால் மாச ஓய்வூதியம் வேண்டுமென்றால் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். இப்போது நோக்கியாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் உற்பத்தி தொடங்கி, 2014 நவம்பர் 1ல் மூடினார்கள். முதல் நாள் முதல் ஷிப்டில் கால் வைத்து, கடைசி நாள் விளக்கை அணைத்துவிட்டு வந்த பெண்ணுக்குக்கூட அங்கே பத்து வருஷம் வராது! ஒரு ஆலையின் மொத்த ஆயுளையும் கொடுத்தாலும் ஓய்வூதியத்துக்குப் பத்தாது. அடுத்த வேலைக்கு சர்வீஸைக் கொண்டுபோகலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் அடுத்த வேலை வேண்டுமே. அதே டிசம்பரில் அங்கே ஃபாக்ஸ்கானும் மூடியது.

சரி, எப்படியோ பத்து வருஷம் தேறினாள் என்று வைப்போம். 2014 செப்டம்பரில் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்புப்படி கணக்கு: 15,000ஐ பத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். மாசம் 2,142 ரூபாய். 19 வயதில் சேர்ந்து 29ல் விட்டவளுக்கு அது 58 வயதில், அதாவது 29 வருஷம் கழித்து, விலைவாசிக்கு ஏற்ப ஏறாமல் அப்படியே கைக்கு வரும். அப்போது இரண்டாயிரத்துக்கு டீயும் பன்னும் கிடைக்கும் என்று நம்புவோம். சர்வீஸ் தேறாதவளுக்கு அரசு முதியோர் உதவித்தொகை இருக்கிறது. தமிழக அரசு 2023 ஆகஸ்டில் அதை 1,000லிருந்து 1,200 ஆக்கியது. அதில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு என்று நிர்ணயித்த தொகை வெறும் 200 ரூபாய்.

இந்தப் பத்து வருஷக் கணக்கு என்ன மலையில் வெட்டிய கல்வெட்டா? கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் என்று இருந்ததை, குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு வருஷம் போதும் என்று 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் மாற்ற முடிந்ததே. ஒப்பந்தக் காலம் சுருங்கிவிட்டது என்று அரசுக்கே தெரிந்துதானே அதை மாற்றினார்கள்? பென்ஷனுக்கு மட்டும் ஏன் அந்த அறிவு வரவில்லை?

"இப்படியெல்லாம் கேட்டா கம்பெனி வேற ஸ்டேட்டுக்குப் போயிடும்" என்பது கடைசி அஸ்திரம். ஹூண்டாய், டெய்ம்லர், ரெனோ-நிசான் எல்லாம் இங்கே வந்தது துறைமுகத்துக்கும், ரோட்டுக்கும், ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளுக்கும். லைன் வீட்டு பாத்ரூம் வரிசையைப் பார்த்து யாரும் முதலீடு செய்யவில்லை. நான் கேட்பது கம்பெனி காசும் இல்லை. சிப்காட் அடுத்த 20 ஏக்கரில் கட்டும்போது பாதியாவது குடும்ப வீடாகக் கட்டட்டும், வாடகை ஒப்பந்தம் தொழிலாளி பேரில் இருக்கட்டும், வேலை போனாலும் ஆறு மாசம் இருக்க உரிமை இருக்கட்டும். தனியார் லைன் வீட்டுக்கு அட்வான்ஸ் உச்சவரம்பு நிஜமான உச்சவரம்பாகட்டும். பென்ஷனுக்கு ஒரு வருஷம் வேலை செய்தால் ஒரு வருஷத்துக்குரிய பங்கு என்றாகட்டும்.

சொல்ல மறந்துவிட்டேன். அக்கா மாத்தூர் அறைக்கு அந்தப் பத்து மாச அட்வான்ஸை எப்படிக் கட்டினாள் என்று கேட்டேன். 2023ல் ஒரு காண்ட்ராக்டர் மாறி இன்னொரு காண்ட்ராக்டரிடம் சேர்வதற்கு நடுவில், பி.எஃப். பணத்தோடு பென்ஷன் கணக்கில் இருந்ததையும் சேர்த்து எடுத்திருக்கிறாள். "எடுக்காம விட்டிருக்கலாமேக்கா, அந்த நாலு வருஷ சர்வீஸும் போச்சே" என்றேன். "அன்னிக்கு ராத்திரி எங்கடா படுக்கிறது?" என்றாள். இப்போது அவள் சர்வீஸ் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடுகிறது. அந்தப் பணம் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. காலி பண்ணும்போது வெள்ளையடிக்கிற செலவுக்குப் பிடித்தது போக மீதி வருமாம்.