ஐந்து குரலும் ஐந்து திருகும்

வானொலியிலே ஐவர் கூடி உரையாடுகின்றனர். ஒருவருக்கு வெண்கலக் குரல். இன்னொருவர் பேசுவது அருகிலிருப்பவருக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். ஆயினும் வீட்டிலிருந்து கேட்கும் நமக்கு ஐவர் பேச்சும் ஒருங்கே தெளிவாக வந்து சேர்கின்றது. இஃது எங்ஙனம் நிகழ்கின்றது?

கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் நாள் ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1949இல் அது 'ரேடியோ சிலோன்' என்னும் பெயர் பெற்றது, 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் முதலியோர் வளர்த்த தமிழ் வானொலி நாடகங்களைக் கேட்டு, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடும்பங்கள் சிரித்து மகிழ்ந்த காலம் ஒன்றுண்டு. முகத்தைக் காணாமலே பாத்திரங்களை இனங்கண்டோம். நடிகரின் திறமையோடு, கண்ணாடிக்கு அப்பால் ஒலிக்கலவை மேசையின் முன் அமர்ந்திருந்தவரின் கைத்திறனும் அதற்குக் காரணமாகும்.

அம்மேசையிலே ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் 'சனல்' எனப்படும் தனி வழி உண்டு. ஒலிவாங்கி தரும் மின்சாரம் மிகச் சிறிது. ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே இருக்கும். அதனை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபெல் வரை, பெருக்க வேண்டியிருக்கும். சனலின் தலைப்பிலுள்ள 'கெயின்' என்னும் திருகு இப்பணியைச் செய்கிறது. அடியிலுள்ள 'ஃபேடர்' என்னும் வழுக்குப் பிடி, நிகழ்ச்சியின்போது ஒலியை ஏற்றி இறக்குவதற்கானது.

இவ்விரண்டின் வேற்றுமையை மாணவர்கள் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். கெயினைக் குறைவாக வைத்துவிட்டு ஃபேடரை உயர்த்தினால், குரலோடு மேசையின் இரைச்சலும் உயரும். கெயினை மிகையாக வைத்தாலோ ஒலி முதற்படியிலேயே சிதைந்துவிடும். பிறகு ஃபேடரைத் தாழ்த்துவதாற் பயனில்லை. அடிப்பிடித்த பாலில் எவ்வளவு நீர் வார்த்தாலும் கருகல் மணம் போகுமா?

ஆகவே முறை இதுதான். சில ஒலிவாங்கிகளுக்கு 48 வோல்ற்று மின்சாரம் மேசையிலிருந்தே செல்லவேண்டும்; ஃபேடர் கீழே இருக்கும்போதே அதனைக் கொடுத்துவிடுக. பின்னர் ஃபேடரைச் சுழியக் குறியில் நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராகப் பேசச் செய்து கெயினை மெல்ல உயர்த்துக. 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணச் சொல்லாதீர்கள். பேசப்போகும் பேச்சையே பேசச் சொல்லுங்கள். ஒத்திகையில் அடக்கமாகப் பேசுவோர் மேடையில் உரத்துப் பேசுவர். அதற்கும் சிறிது இடம் விட்டு வைப்பது நலம்.

வெள்ளவத்தைக் கடற்கரையோரமாகப் புகைவண்டி செல்லும்போது எழும் உறுமலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வாகும். மேசையிலுள்ள வடிகட்டி விசையால் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளை நன்கு தணித்துவிடலாம். பேச்சின் தெளிவு குன்றாது. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரத்தைப்போல மும்மடங்கு தூரம் இரண்டு ஒலிவாங்கிகளுக்கு இடையே இருக்கட்டும். இல்லையேல் ஒரே குரல் இரு வழியாகப் புகுந்து, குடத்துக்குள் பேசுவதுபோலக் கேட்கும். பேசாதவரின் ஃபேடரைத் தாழ்த்தி வைத்தலும் வேண்டும். திறந்திருக்கும் ஒலிவாங்கிகள் இரு மடங்கானால் அறையின் இரைச்சல் 3 டெசிபெல் கூடும்.

இன்று பாடசாலை மண்டபங்களிலும் சிறிய ஒலிக்கலவைக் கருவிகள் வந்துவிட்டன. விவாதப் போட்டியிலே மென்குரலுடைய ஒரு மாணவி எழுந்து நிற்கிறாள். 'உரக்கப் பேசு, பிள்ளை!' என்று பின்வரிசையிலிருந்து அதட்டல் வருகிறது. அவள் இல்லாத குரலை வருவித்துக் கத்துகிறாள், கருத்துச் சிதறுகிறது, பரிசு வேறொருவருக்குப் போகிறது. குறை அவள் தொண்டையில் இல்லை. ஐந்து திருகுகளையும் ஒரே அளவில் வைத்துவிட்டு, 'எல்லோருக்கும் சமமாகவே வைத்தேன்' என்று ஒருவர் இருந்துவிட்டதுதான் குறை.

குரல்கள் சமமாகக் கேட்கவேண்டுமெனில் திருகுகள் சமமாக இருத்தலாகாது. அவரவர் குரலுக்கு ஏற்ற அளவை முன்னரே அறிந்து வைப்பதற்கு ஆளுக்கு அரை நிமிடம் போதும். அடுத்த போட்டிக்கு முன் அந்த அரை நிமிடத்தை அம்மாணவிக்கு யார் கொடுக்கப்போகிறீர்கள்?